பிரஷருக்கு முதல் மாத்திரை எழுதும் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம்.

இந்த மடல் சிறுநீரக நிபுணர்களுக்கு அல்ல. தலைவலி என்றோ, தூக்கமில்லை என்றோ, வேறு எதற்காகவோ உங்களிடம் வந்த ஒருவரின் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பிரஷர் கொஞ்சம் கூடுதலா இருக்கே" என்று முதன்முதலில் சொல்கிறீர்களே, உங்களுக்கு. நான் டயாலிசிஸ் பிரிவில் வேலை பார்க்கும் செவிலியர். நீங்கள் அப்படிச் சொன்ன நாளுக்குப் பல வருடங்கள் கழித்து, அதே மனிதர்களில் சிலரை நான் சந்திக்கிறேன்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். பிரஷருக்கு முதல் மாத்திரை எழுதும் அன்றே, சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் எவ்வளவு, இரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு எவ்வளவு என்று பார்க்கச் சொல்லி அதே சீட்டில் எழுதுங்கள். அப்புறம் வருடத்துக்கு ஒரு முறையாவது இரண்டையும் திரும்பப் பாருங்கள்.

நீங்கள் படிக்காத எதையும் நான் சொல்லப்போவதில்லை. கிரியாட்டினினும் சிறுநீர்ப் பரிசோதனையும் உயர் இரத்த அழுத்தத்துக்கான அடிப்படைப் பரிசோதனைகளில் சேர்ந்தவை என்று உங்களுக்கே தெரியும். நடைமுறையில்தான் அது விட்டுப்போகிறது. வெளியே கூட்டம் காத்திருக்கிறது. நோயாளியோ, "எனக்கு யூரின் போறதுல ஒரு பிரச்சினையும் இல்லையே டாக்டர், எதுக்கு அந்த டெஸ்ட்?" என்று கேட்கிறார். அவருக்கு அது வீண்செலவாகப் படுகிறது. நீங்களும் சரி, அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறீர்கள். அந்த அடுத்த முறை மாத்திரை வாங்க மட்டும் வருகிறார்.

டயாலிசிஸ் நாற்காலியில் ஒருவர் வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். அந்த நேரத்தில் மனிதர்கள் நிறையப் பேசுவார்கள். நான் அடிக்கடி கேட்கும் வாக்கியம் இது: "எனக்கு ரொம்ப நாளா பிரஷர் இருந்துச்சு சிஸ்டர், அதுல கிட்னி போயிடுச்சு." அவர்களுடைய பழைய சீட்டுகளைப் புரட்டினால் மாத்திரையின் பெயர் மாறியிருக்கும், அளவு கூடியிருக்கும், ஒன்று இரண்டாகி இரண்டு மூன்றாகியிருக்கும். சிறுநீர்ப் பரிசோதனை மட்டும், கால் வீங்கி மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் முதன்முதலாகத் தலைகாட்டும்.

பிரஷர் முதலில் வந்து கிட்னியைக் கெடுத்ததா, கெட்டுப்போன கிட்னி பிரஷரைக் கொண்டுவந்ததா? பலருடைய விஷயத்தில் இதற்கு இனிமேல் யாராலும் பதில் சொல்ல முடியாது. ஸ்கேனில் இரண்டு சிறுநீரகங்களும் சுருங்கிப்போய்த் தெரியும். அந்த நிலையில் திசு எடுத்துப் பார்ப்பது ஆபத்து, எடுத்தாலும் தழும்பைத் தவிர பெரிதாக ஒன்றும் தெரியாது. அதனால் காரணம் என்ற இடத்தில் "உயர் இரத்த அழுத்தம்" என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். அந்தக் கட்டத்துக்குள் எத்தனை பேருடைய ஐ.ஜி.ஏ. நெஃப்ரோபதி என்ற வடிகட்டி நோயும், சிறு வயதில் சிறுநீர் பின்னோக்கிப் போனதால் விழுந்த தழும்பும் கண்டுபிடிக்கப்படாமலே அடங்கிப்போயிருக்கின்றனவோ என்று எனக்குக் கவலையாக இருக்கும். முதல் நாளிலேயே ஒரு சிறுநீர்ப் பரிசோதனை நடந்திருந்தால் அவர்களில் சிலருக்காவது வேறு பாதை திறந்திருக்கும்.

சிறுநீரகத்துக்கும் பிரஷருக்கும் உள்ள தொடர்பை மருத்துவம் கண்டுகொண்டது நேற்று அல்ல. லண்டனில் கைஸ் மருத்துவமனையில் வேலை பார்த்த ரிச்சர்ட் பிரைட், நோயாளியின் சிறுநீரைக் கரண்டியில் எடுத்து மெழுகுவத்திச் சுடரில் காட்டுவார். புரதம் இருந்தால் அது திரிந்து கட்டியாகும். அப்படிப் புரதம் போனவர்கள் இறந்த பிறகு உடலைத் திறந்து பார்த்தபோது, சுருங்கிய சிறுநீரகங்களோடு இதயத்தின் இடது அறை தடித்துப் பெருத்திருப்பதை 1836-ல் எழுதிவைத்தார். சிறிய இரத்தக் குழாய்களில் இரத்தத்தைத் தள்ள இதயம் கூடுதலாகப் பாடுபட வேண்டியிருக்கலாம் என்றும் ஊகித்தார். கையில் பட்டை கட்டிப் பிரஷர் அளக்கும் கருவியை ரிவா-ரோச்சி 1896-ல்தான் கொண்டுவந்தார். அளக்கக் கருவியே இல்லாத காலத்தில், ஒரு கரண்டியும் ஒரு மெழுகுவத்தியும் வைத்துக்கொண்டு அந்த மனிதர் கண்ட தொடர்பு அது. இன்று எல்லா மேசையிலும் பிரஷர் கருவி இருக்கிறது. அந்தக் கரண்டி செய்த வேலையைத்தான் நாம் கைவிட்டுவிட்டோம்.

அப்புறம் 1898-ல் திகர்ஸ்டெட், பெர்க்மான் என்ற இரு ஆய்வாளர்கள் முயல் சிறுநீரகத்திலிருந்து எடுத்த சாற்றை வேறு முயல்களுக்குச் செலுத்தி, பிரஷர் ஏறுவதைப் பார்த்தார்கள். அந்தப் பொருளுக்கு ரெனின் என்று பெயர் வைத்தார்கள். பல வருடங்கள் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1934-ல் ஹாரி கோல்ட்பிளாட், நாய்களின் சிறுநீரகத் தமனியில் ஒரு சிறிய வெள்ளிக் கவ்வியைப் போட்டு இரத்த ஓட்டத்தைக் குறைத்தார். நாய்களின் பிரஷர் ஏறியது, ஏறிய இடத்திலேயே நின்றது. சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைத்தாலே உடல் முழுவதும் அழுத்தம் கூடும் என்பது அதன் பிறகு யாராலும் மறுக்க முடியாததாகிவிட்டது.

உள்ளே நடப்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் நோயாளிகளும் இந்த மடலைப் படிக்கக்கூடும், அவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து உடல் எடையில் ஏறக்குறைய அரை சதவீதம்தான். ஆனால் இதயம் தள்ளும் இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு அவற்றுக்குப் போகிறது. ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடித்து, கிட்டத்தட்ட எல்லாவற்றையும் திரும்ப உள்ளே எடுத்துக்கொண்டு, ஒன்றிரண்டு லிட்டரை மட்டும் வெளியே அனுப்புகின்றன. வடிகட்டிகள் பழுதாகும்போது உப்பை வெளியேற்றும் திறன் குறைகிறது. உப்பு தங்கினால் நீரும் தங்கும், குழாய்களுக்குள் இரத்தத்தின் அளவு கூடும். இன்னொரு பக்கம், தழும்பு விழுந்த இடங்களில் இரத்தம் சரியாகப் பாயாததால், உடலிலேயே இரத்த ஓட்டம் குறைந்துவிட்டதாக எண்ணிச் சிறுநீரகம் ரெனினைச் சுரக்கிறது. ரெனினால் உருவாகும் ஆஞ்சியோடென்சின் குழாய்களை இறுக்குகிறது, ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைத் தூண்டி மறுபடி உப்பைப் பிடித்து வைக்கச் செய்கிறது. நோயுற்ற சிறுநீரகத்திலிருந்து மூளைக்குப் போகும் நரம்புச் செய்திகளும் பிரஷரை மேலே தள்ளுகின்றன. அப்படி ஏறிய பிரஷர், மிச்சமிருக்கும் நல்ல வடிகட்டிகளின் மேல் போய் மோதுகிறது. அவையும் ஒவ்வொன்றாகப் போகின்றன. எந்தப் பக்கம் தொடங்கினாலும் இந்தச் சுழலுக்குள் விழுந்துவிடலாம். நாள்பட்ட சிறுநீரக நோய் உள்ளவர்களில் பெரும்பாலானவர்களுக்கு உயர் இரத்த அழுத்தமும் இருப்பது இதனால்தான்.

இத்தனைக்கும் நோயாளிக்கு ஒன்றும் தெரியாது. வலிக்காது. சிறுநீர் வழக்கம் போலவே போகும், அளவும் குறையாது. நுரை போவதை ஒரு சிலர் கவனிக்கிறார்கள், அதையும் யாரிடமும் சொல்வதில்லை. காலையில் கண்ணைச் சுற்றி வீங்கினால் தூக்கம் போதவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவர்களாக வந்து சொல்லும் வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். நீங்கள்தான் தேடிப்போக வேண்டியிருக்கிறது.

கிரியாட்டினின் மட்டும் பார்த்தால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. வடிகட்டும் திறனில் ஏறக்குறைய பாதி போகும் வரை கிரியாட்டினின், ஆய்வகம் அச்சடித்துத் தரும் "இயல்பு" எல்லைக்குள்ளேயே இருந்துவிடலாம். மெலிந்த வயதான பெண்மணிக்கு 1.2 என்று வந்தால் அதைச் சுற்றி சிவப்பு வட்டம்கூட இருக்காது. வயதையும் பாலினத்தையும் சேர்த்து வடிகட்டும் வேகத்தை நிமிடத்துக்கு இத்தனை மில்லிலிட்டர் என்று கணக்கிட்டால் அது 60-க்குக் கீழே போயிருக்கும். மூன்று மாதத்துக்கு மேல் 60-க்குக் கீழேயே நின்றால் அது நாள்பட்ட சிறுநீரக நோய். கிரியாட்டினின் நன்றாக இருக்கும்போதே ஆல்புமின் கசியத் தொடங்கிவிடும் என்பதால்தான் சிறுநீரைப் பார்க்கச் சொல்கிறேன். சிறுநீரில் ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே ஆல்புமின் இருந்தால் கவலையில்லை. 30-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். 300-ஐத் தாண்டினால் தாமதிக்கவே கூடாது. சிறுநீரில் முக்கிப் பார்க்கும் பட்டையில் ஆரம்பநிலைக் கசிவு தெரியாமல் போகலாம், ஆனாலும் ஒன்றுமே பார்க்காததைவிட அது எவ்வளவோ மேல். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, கடுமையான உடற்பயிற்சி இவற்றாலும் ஆல்புமின் தற்காலிகமாகக் கூடும். அதனால் ஒரு முடிவை வைத்து யாரையும் பயமுறுத்த வேண்டாம், திரும்பப் பார்த்து உறுதிப்படுத்துங்கள்.

இந்த இரண்டு பரிசோதனையும் எல்லோருக்கும் வேண்டும் என்றுதான் கேட்கிறேன். சிலருக்கு அதோடு நிறுத்தவும் கூடாது. முப்பது வயதுக்குள், குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல், உடல் பருமனும் இல்லாமல் பிரஷர் வந்தால் காரணத்தைத் தேடியே ஆக வேண்டும். குழந்தைக்குப் பிரஷர் என்றால் சொல்லவே வேண்டாம், சிறு குழந்தைகளில் சிறுநீரகம்தான் முதல் சந்தேகம். நன்றாகக் கட்டுக்குள் இருந்த பிரஷர் திடீரென்று தாறுமாறாவது, டையூரடிக் என்ற, சிறுநீரைக் கூட்டும் மாத்திரை உட்பட மூன்று மாத்திரை முழு அளவில் கொடுத்தும் இறங்காதது, இதயம் நன்றாகவே துடிக்கும்போதும் நுரையீரலில் சட்டென்று நீர் கோப்பது, ஸ்கேனில் ஒரு சிறுநீரகம் மற்றதைவிட ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் சிறியதாக இருப்பது எல்லாம் சிறுநீரகத் தமனியில் அடைப்பு இருக்கலாம் என்று சொல்லும் குறிகள். அந்தத் தமனியில் அடைப்பு என்றாலே ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்ற எண்ணமும் சரியல்ல. கொழுப்பு படிந்து வரும் அடைப்பில் பெரும்பாலானவர்களுக்கு மாத்திரையைவிட ஸ்டென்டால் கூடுதல் பலன் இல்லை என்று 2009-ல் ஆஸ்ட்ரல் ஆய்வும், 2014-ல் கோரல் ஆய்வும் காட்டின. ஆனால் இளம் பெண்களிடம் அதிகம் காணப்படும், ஃபைப்ரோமஸ்குலர் டிஸ்பிளேசியா என்ற தமனிச் சுவர்க் கோளாறு வேறு. பலூனால் விரித்துவிட்டாலே அவர்களில் பலருக்குப் பிரஷர் இறங்கிவிடும், சிலர் மாத்திரையையே நிறுத்திவிடலாம். இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு "டென்ஷன்தான், மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்று சொல்லி அனுப்பும்போது இந்த வாய்ப்பும் அவரோடு சேர்ந்து வெளியே போய்விடுகிறது. இதை எழுதும்போதே எனக்கு மனது பதறுகிறது.

ஆல்புமின் போகிறது என்று தெரிந்தால் என்ன லாபம் என்று ஒரு மருத்துவர் என்னிடம் கேட்டதுண்டு. மருந்தே மாறும் என்பதுதான் லாபம். பிரஷரை இறக்க எத்தனையோ மாத்திரைகள் இருக்கின்றன. ஆனால் ஆல்புமின் கசியும் சிறுநீரகத்துக்கு ஆஞ்சியோடென்சினைத் தடுக்கும் மருந்துகள் பிரஷரை இறக்குவதற்கு மேலும் ஒரு காவலைத் தருகின்றன, வடிகட்டிக்குள் இருக்கும் அழுத்தத்தையே அவை குறைக்கின்றன. இந்த வகையின் முதல் மாத்திரையான கேப்டோபிரில் 1981-ல் வந்தது, அதற்கான துப்பு பிரேசிலின் விரியன் பாம்பு விஷத்திலிருந்து கிடைத்தது. சர்க்கரை நோயால் சிறுநீரகம் கெட்டவர்களில் மரணம், டயாலிசிஸ், மாற்றுச் சிறுநீரகம் இவற்றில் ஏதாவது ஒன்று நேரும் ஆபத்தை அந்த மருந்து பாதியாகக் குறைத்தது என்று 1993-ல் ஓர் ஆய்வு காட்டியது. இதே வேலையைச் செய்யும் லோசார்ட்டனும் இர்பிசார்ட்டனும் அப்படிச் சிறுநீரகத்தைக் காப்பதை 2001-ல் ஆய்வுகள் காட்டின. 2020-ல் டாபாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை நோய் மருந்து, சர்க்கரை நோய் இல்லாத சிறுநீரக நோயாளிகளுக்கும் பலன் தரும் என்று தெரிந்தது. இத்தனையும் இருந்தும், யாருக்குத் தேவை என்று தெரியாததால் தேவைப்படுபவருக்குப் போய்ச் சேருவதில்லை. இரத்தக் குழாயைத் தளர்த்தும் அம்லோடிபின் மாத்திரை ஒன்றிலேயே பத்து வருடம் ஓட்டிவிட்டு எங்கள் பிரிவுக்கு வருபவர்கள் உண்டு. அம்லோடிபின் நல்ல மருந்துதான். ஆல்புமின் கசிவைத் தடுக்கும் வேலையை மட்டும் அதனிடம் தனியாக எதிர்பார்க்க முடியாது.

இங்கே ஒரு பயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த மருந்துகளை ஆரம்பித்ததும் கிரியாட்டினின் சற்று ஏறும். உடனே, "மாத்திரை கிட்னியைக் கெடுக்குது" என்று நிறுத்திவிடுகிறார்கள், சில சமயம் நோயாளியே நிறுத்திவிடுகிறார். 30 சதவீதம் வரை ஏறுவது எதிர்பார்த்ததுதான், வடிகட்டியின் அழுத்தம் இறங்கியதற்கு அடையாளம் அது. அதற்கு மேல் ஏறினால் காரணம் தேடுங்கள், தமனி அடைப்பு இருக்கலாம். ஆரம்பித்த இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்த்துவிட்டால் இந்தப் பயத்துக்கே இடமில்லை. கர்ப்பிணிகளுக்கும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களுக்கும் இவை ஆகாது என்பதையும், வாந்தி பேதியாகும் நாட்களில் தற்காலிகமாக நிறுத்திவிட்டு உங்களைக் கேட்க வேண்டும் என்பதையும் சீட்டைக் கொடுக்கும்போதே வாயால் சொல்லிவிடுங்கள். சீட்டில் எழுதினால் பலர் படிப்பதில்லை.

வலி மாத்திரை பற்றியும் தயவுசெய்து கேளுங்கள். "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்றால் இல்லை என்பார்கள். "மூட்டு வலிக்கு, இடுப்பு வலிக்கு, தலைவலிக்கு என்ன போட்டுக்குறீங்க?" என்று கேட்டுப் பாருங்கள், பட்டியல் வரும். டைக்ளோஃபெனாக், ஐபூபுரூஃபென் போன்றவை உப்பைத் தங்க வைத்துப் பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தையும் குறைக்கும். ஆஞ்சியோடென்சின் தடுப்பு மருந்தும் டையூரடிக்கும் ஏற்கெனவே சாப்பிடும் ஒருவர் இதையும் சேர்த்துக்கொண்டால் சிறுநீரகம் சில நாட்களில் படுத்துவிடலாம். இறங்காத பிரஷருக்கு நான்காவது மாத்திரை எழுதும் முன் இந்தக் கேள்வியைக் கேட்டால், சிலருக்கு அந்த நான்காவது மாத்திரையே தேவைப்படாது.

உப்பு விஷயம் எல்லோரும் சொல்வதுதான். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் ஓர் எச்சரிக்கையை மட்டும் சேர்க்கிறேன். சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பல, பொட்டாசியம் குளோரைடு கலந்தவை. சிறுநீரகம் சரியாக இருப்பவருக்கு அவை நல்லது. வடிகட்டும் திறன் குறைந்தவருக்கு, அதுவும் மேலே சொன்ன மாத்திரைகளோடு, பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பையே நிறுத்திவிடக்கூடும். யாருக்கு அந்த உப்பைச் சொல்லலாம், யாருக்குச் சொல்லக்கூடாது என்பதற்கும் கிரியாட்டினின் தெரிந்திருக்க வேண்டும்.

பிரஷர் பார்க்கும் விதம் பற்றி ஒரு செவிலியர் உங்களுக்குச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அளப்பது எங்களைப் போன்றவர்கள்தான். படியேறி வந்தவரை உட்கார வைத்த நொடியில், பேசிக்கொண்டிருக்கும்போதே, சட்டைக்கு மேல், தடித்த கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றி அளந்தால் எண் தவறாகத்தான் வரும். ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து உட்கார வைத்து, கையை இதய மட்டத்தில் தாங்கி அளக்கச் சொல்லி உங்கள் ஊழியர்களிடம் வலியுறுத்துங்கள். சிறுநீரக நோயாளிகளிடம் இன்னொரு சிக்கல் உண்டு. தூக்கத்தில் பிரஷர் 10 முதல் 20 சதவீதம் இறங்குவது வழக்கம், அவர்களில் பலருக்கு அது இறங்குவதே இல்லை. பகலில் உங்கள் அறையில் 130 என்று காட்டும் மனிதருக்கு இரவெல்லாம் அதைவிடக் கூடுதலாக இருக்கலாம். ஆல்புமின் போகிறது, பகல் பிரஷர் மட்டும் நன்றாக இருக்கிறது என்றால் 24 மணி நேரக் கருவியைக் கட்டிப் பார்ப்பது பற்றி யோசியுங்கள்.

எப்போது நிபுணரிடம் அனுப்புவது என்பதை உங்களைவிட நான் தெளிவாகச் சொல்ல முடியாது. என்னால் சொல்ல முடிந்தது இது: வடிகட்டும் திறன் 30-க்குக் கீழே போன பிறகு அனுப்பப்படுபவருக்கும், ஒரு மாதத்தில் டயாலிசிஸ் வேண்டிய நிலையில் அனுப்பப்படுபவருக்கும் உள்ள வித்தியாசத்தை நாங்கள் கண்ணால் பார்க்கிறோம். முன்னவருக்குக் கையில், டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைக்கும் ஃபிஸ்டுலா போட்டு அது முதிர நேரம் கிடைக்கிறது, தடுப்பூசி போட நேரம் கிடைக்கிறது, மாற்றுச் சிறுநீரகம் பற்றி வீட்டில் உட்கார்ந்து பேச நேரம் கிடைக்கிறது. பின்னவர் கழுத்தில் குழாயோடு வருகிறார். என்ன நடந்தது என்றே புரியாமல், "நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்தேன்?" என்று எங்களைக் கேட்கிறார்.

இன்னும் ஒன்றே ஒன்று. பார்த்த எண்களை நோயாளியின் கையில் தேதியோடு எழுதிக் கொடுங்கள். மனிதர்கள் ஊர் மாறுகிறார்கள், மருத்துவரை மாற்றுகிறார்கள். அடுத்த மருத்துவரின் முன் வெறும் 1.3 என்ற கிரியாட்டினின் மட்டும் இருந்தால் அது அவரிடம் ஒன்றும் பேசாது. மூன்று வருடத்துக்கு முன் நீங்கள் எழுதிக் கொடுத்த 0.8 அதன் பக்கத்தில் இருந்தால், அவர் அன்றைக்கே தேட ஆரம்பிப்பார்.

இப்படிக்கு,
டயாலிசிஸ் பிரிவுச் செவிலியர் ஒருவர்